உம் கொட்டும் கையாளி

நிறைமதி இடது கண்ணை இரண்டு முறை சிமிட்டினாள். சமையலறைச் சுவர் ஒரு குவளை காப்பியை நீட்டியது. வலது கண்ணைச் சிமிட்டியிருந்தால் சுக்குக்காப்பி வந்திருக்கும். செவ்வாயின் செம்பள்ளம் குடியிருப்பில் சுவிட்சைத் தேடி யாரும் எழுந்து போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. தும்மினால் மின்விசிறி நின்றது. கொட்டாவி விட்டால் விளக்கு மங்கியது.

ஒரு காலத்தில் பூமியில், திரையில் வரைந்த பொத்தானை மக்கள் விரலால் அழுத்திக்கொண்டிருந்தார்கள். அழுத்துவது ஒரு நிகழ்வு. அந்த நிகழ்வின் பெயருக்காகக் காத்திருக்கும் கணினி நிரல்துண்டு கேட்பான். கேட்பான் தட்டி எழுப்பியதும் வேலையைச் செய்வது கையாளி. செம்பள்ளத்தில் திரை போய்விட்டது, பொத்தானும் போய்விட்டது. நிகழ்வு, கேட்பான், கையாளி மூன்றும் அப்படியே இருந்தன. பொத்தானுக்குப் பதில் மனிதர்கள் இருந்தார்கள்.

இவற்றைப் பராமரிக்கும் இடைமுகத் துறையில் நிறைமதி முதுநிலைப் பொறியாளர். அவள் கணவன் தணிகைவேல் பசுமைக்கூடத்தில் முருங்கை வளர்க்கும் தாவரவியலாளன். நல்ல மனிதன், கொஞ்சம் அதிகம் பேசுவான். சாப்பாட்டு மேசையில் வேரில் ஆரம்பித்தால் பூவுக்கு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும்.

எட்டு மாதங்களுக்கு முன் நிறைமதி தனக்காக ஒரு சின்னக் கையாளி எழுதிக்கொண்டாள். கணவன் பேச ஆரம்பித்தால் அது ஒரு நிகழ்வு. உடனே அவள் தொண்டையில் பதித்திருந்த சில்லு, சரியான இடைவெளிகளில், அவள் குரலிலேயே “உம்” என்று சொல்லும். பேச்சில் நோய், தீ, காற்றுக்கசிவு, பயணம் போன்ற சொற்கள் வந்தால் மட்டும் காது மடலில் சுருக்கென்று ஒரு கூச்சத்தை ஏற்படுத்தி அவளைக் கூப்பிடும். மற்ற நேரத்தில் அவள் நிம்மதியாகத் தன் யோசனைகளில் இருக்கலாம்.

அது அருமையாக வேலை செய்தது. மேசையில் முறையாக “உம்” கேட்டது. தணிகைவேலின் முகம் மலர்ந்தே இருந்தது. அலுவலகத் தோழிகள் கேட்டார்கள் என்று அவர்களுக்கும் கொடுத்தாள். அவர்கள் கணவர்கள் கேட்டு வாங்கினார்கள். ஆறு மாதத்தில் செம்பள்ளத்தில் நாற்பதாயிரம் பேரிடம் அந்தக் கையாளி இருந்தது. நன்றிக் கடிதங்கள் தினமும் வந்தன.

ஒரு வியாழக்கிழமை காலை வாசலில் ஓர் இயந்திரம் வந்து நின்று, வீட்டில் உள்ள மேசை நாற்காலிகளை அளக்க அனுமதி கேட்டது. எதற்கு என்று விசாரித்தாள். வியாழனின் நிலாவான கனிமீடுக்குக் குடிபெயரும் குடும்பம் இதுதானே, மூன்று வருடத்துக்கு, கப்பல் செவ்வாய்க்கிழமை கிளம்புகிறது என்றது இயந்திரம்.

நிறைமதி நேராகப் பசுமைக்கூடத்துக்கு ஓடினாள். தணிகைவேல் ஒரு முருங்கைக் கன்றைத் தொட்டியிலிருந்து பெயர்த்துக்கொண்டிருந்தான்.

“கனிமீடுக்குப் போறோம்னு எங்கிட்ட எப்ப சொன்ன?” என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். “பதினொரு நாளாச் சொல்லிட்டிருக்கேன். உனக்குச் சம்மதமான்னு நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் உம்னு சொன்ன. இவ்வளவு சுலபமா ஒத்துக்கிட்டாளேன்னு எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?”

வேறு வழியில்லாமல் அவள் உண்மையைச் சொன்னாள். உம் என்றது தான் அல்ல, கையாளி என்றாள். அவன் கோபப்படவில்லை. கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, எட்டு மாதமாக இயந்திரத்தோடுதான் பேசிக்கொண்டிருந்தேனா என்று மட்டும் கேட்டான். அதைவிட அவன் கத்தியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அலுவலகம் போகும் வழியெல்லாம் ஒரு சந்தேகம் அவளை அரித்தது. பயணம் என்ற சொல்லுக்குக் காது மடல் சுருக்கென்றிருக்க வேண்டுமே, ஏன் இல்லை? பதிவேடுகளைக் கவனிக்கும் ஜெசிந்தாவிடம் போய்த் தன் கையாளியின் வரலாற்றை எடுத்துக் காட்டச் சொன்னாள்.

ஜெசிந்தா எடுத்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

“மதி, இது ஒரு தடவைகூட ஓடல.”

“இந்த வாரமா?”

“எழுதின நாள்லேருந்து. சுழியம்.”

காரணம் ஓர் எழுத்து. ஒருவர் வாய் திறந்ததும், குடியிருப்பின் கையாளிகளை எல்லாம் இயக்கும் கருவித்தொகுப்பு எழுப்பும் நிகழ்வின் பெயர் ‘பேச்சுத்தொடக்கம்’. நிறைமதியின் கேட்பான் காத்திருந்தது ‘பேச்சுதொடக்கம்’ என்ற பெயருக்கு. நடுவில் ஒரு ‘த்’ இல்லை. அப்படி ஒரு நிகழ்வு உலகத்திலேயே கிடையாது. வராத நிகழ்வுக்காகக் காத்திருப்பதைக் கருவித்தொகுப்பு பிழை என்று கருதுவதில்லை. காத்திருக்கட்டும் என்று விட்டுவிடும்.

“அப்ப அந்த உம் எல்லாம்?” என்று கேட்டாள் நிறைமதி.

“நீயேதான் சொல்லியிருக்க,” என்றாள் ஜெசிந்தா.

இதைத் தணிகைவேலிடம் சொல்லாமல் இருந்துவிடலாம். இயந்திரத்தின் மேல் பழி ஏற்கெனவே விழுந்தாகிவிட்டது, பாதி மன்னிப்பும் கிடைத்தாகிவிட்டது. ஆனாலும் மதியம் அவள் மறுபடி பசுமைக்கூடத்துக்குப் போனாள். தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, கையாளி ஒரு முறையும் ஓடவில்லை, எட்டு மாதமும் உம் கொட்டியது நான்தான், ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

தணிகைவேல் சிரித்துவிட்டான். “அப்ப பக்கத்துல நீதான் இருந்திருக்க. காலையிலேருந்து மிஷின்கிட்ட போய்ச் சம்மதம் கேட்டோமேன்னு வருத்தமா இருந்துச்சு.”

முதலிலிருந்து சொல்லும்படி கேட்டாள். அவன் சொன்னான். கனிமீடின் பனிக்கு அடியில் குடியிருப்பவர்கள் பச்சைக்கீரையைப் பார்த்து ஆறு வருடமாகிறது. அங்கே முருங்கை பிடித்துவிட்டால் முதல் மரம் இவன் வைத்ததாக இருக்கும். அவள் இடையில் ஏழெட்டுக் கேள்விகள் கேட்டாள். பாதியில் அவன் பேச்சை நிறுத்தி, இப்படிக் கேள்வி கேட்டால் எனக்கு வரிசை மறந்துபோகிறது என்று குறைப்பட்டுக்கொண்டான். மூன்று வருடம் தன்னால் முடியாது என்று அவள் சொன்னாள். ஒரு வருடம் வரை என்று முடிவாயிற்று.

கிளம்புவதற்கு முன் அவளுக்கு ஒரு கடமை பாக்கி இருந்தது. நாற்பதாயிரம் பேரிடமும் இருந்தது அதே கையாளி, அதே விடுபட்ட ‘த்’. ஜெசிந்தா மொத்தக் கணக்கை எடுத்தாள். நாற்பதாயிரம் பேர், எட்டு மாதங்கள், ஓடிய முறைகள் சுழியம். பக்கத்திலேயே நன்றிக் கடிதங்கள் அடுக்கடுக்காக இருந்தன. ‘இது வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் நிம்மதி’ என்று ஒருவர் எழுதியிருந்தார்.

நிறைமதி ‘த்’ சேர்த்து, திருத்திய பதிப்பை வெள்ளிக்கிழமை வெளியிட்டாள். இம்முறை கேட்பான் உண்மையாகவே கேட்டது. எதிரில் இருப்பவர் சொல்வதை முழுக்கக் கேட்டு, இடம் பார்த்து உம் கொட்டி, முக்கியமான சொல் வந்ததும் சுருக்கென்று எழுப்பியது.

திங்கட்கிழமைக்குள் ஒன்பதாயிரம் புகார்கள் வந்துவிட்டன. பேசினால் அடிக்கடி காது சுருக்கென்கிறது, ஒரு வேலையும் ஓடவில்லை, பழைய கையாளியே நன்றாக இருந்தது, தயவுசெய்து அதையே திருப்பிக் கொடுங்கள் என்று எல்லாரும் கேட்டிருந்தார்கள்.