பத்தாவது கேள்விக்குப் பதில்

மணி அடிக்கவில்லை. ஆனால் வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கூடவே, "வாங்க வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்துட்டிருந்தேன்" என்று ஒரு குரல். மூன்று நாளாக மாற்றாத நைட்டியில், பால் ஊறிக் காய்ந்து புளித்த வாடையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு, அது யார் குரல் என்று பிடிபடச் சற்று நேரம் ஆனது. அது அவளுடைய குரல்தான்.

வீட்டில் வேறு பெண் யாரும் கிடையாது. புருஷன் காலை ஏழு மணிக்கே டயர் கடைக்குக் கிளம்பிப் போயிருந்தான். பிறந்து நாலு வாரமான மகள் ஹாலில் தொட்டிலில் கிடந்தாள். எழுந்து போகக் கால் வரவில்லை. தவழ்கிற மாதிரி நகர்ந்து கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். குழந்தையை எடை பார்க்க வாரம் ஒருமுறை வரும் நர்ஸம்மா நாற்காலியில் உட்கார்ந்து ஃபைலைப் பிரித்துக்கொண்டிருந்தார். எதிரே, முதுகைக் காட்டியபடி ஒருத்தி. பிசிறில்லாமல் இழுத்துக் கட்டிய கொண்டை. அதில் ஏழு பின்கள்.

அந்த ஏழு பின்களையும் அவளுக்குத் தெரியும். ஹோட்டல் வரவேற்பு மேசையில் ஆறு வருஷம் நின்றவள் அவள். தங்க வந்தவர்கள் வாய்க்கு வந்தபடி கத்தினாலும் முகம் கோணக்கூடாது, அவர்கள் மணியைத் தட்டுமுன் நிமிர்ந்து நிற்கவேண்டும் என்று பயிற்சியில் சொன்னதை அச்சு பிசகாமல் கற்றுக்கொண்டவள். கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பட்டப்பெயர் சிரிப்புக்காரி. கூரையே இடிந்து விழுந்தாலும் அறைச் சாவியைச் சிரித்துக்கொண்டேதான் நீட்டுவாள் என்று கேலி செய்வார்கள். அந்தச் சிரிப்புக்காரிதான் இப்போது ஹாலில் உட்கார்ந்திருந்தாள்.

"தூக்கமெல்லாம் எப்படி?" என்று நர்ஸம்மா, பிள்ளை பெற்றவளின் மனநிலையை அறியும் பத்துக் கேள்விப் படிவத்தைப் பார்த்துக் கேட்டார்.

"மகாராணி உத்தரவு கொடுத்தாத்தானே சிஸ்டர் தூங்க முடியும்!"

இருவரும் சிரித்தார்கள். ஒவ்வொன்றாக ஒன்பது கேள்விகள் தாண்டின.

"பத்தாவது. உங்களையோ பாப்பாவையோ ஏதாவது பண்ணிடணும்னு எப்பவாவது நினைப்பு வந்துச்சா?"

கதவுக்குப் பின்னால் அவள் வாயைத் திறந்தாள். ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை. காற்றுதான் வந்தது.

"ஐயோ, இல்லவே இல்லை" என்றாள் சிரிப்புக்காரி.

நர்ஸம்மா போனபின் ஹாலில் யாரும் இல்லை. கழுவிக் கவிழ்த்த இரண்டு டீ கிளாஸ்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன.

தூக்கம் கெட்டால் இல்லாததெல்லாம் கண்ணில் தோன்றும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் அந்தப் பத்தாவது கேள்வி கேட்ட நினைப்பு வெறும் தோற்றம் இல்லையே. பத்து நாளைக்கு முன்பு நீலத் தொட்டியில் குழந்தையைக் குளிப்பாட்டும்போது, பிடித்திருக்கும் கையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது போகாமல் அங்கேயே நின்றது. பதறிப்போய்க் குழந்தையைத் தூக்கித் துடைத்தவள், அன்றிலிருந்து ஈரத்துணியால் துடைத்துவிடுவதோடு சரி. தன் கையைக் கண்டே அவளுக்குப் பயமாக இருந்தது. பெற்ற பிள்ளை மேல் அத்தனை ஆசையும் இருந்தது, அதனால்தான் அத்தனை பயமும்.

இருந்தும் சாயங்காலங்களில் குழந்தையின் தலை ஈரமாக இருந்தது. கழுத்து மடிப்பில் சோப்பு வாசனை.

குளியலறைக்குப் போய்ப் பார்த்தாள். நீலத் தொட்டியில் ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். கவிழ்த்து வைத்தாள். மறுநாள் நாலு விரல் இருந்தது. அதற்கு மறுநாள் ஒரு சாண்.

புருஷனிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் வாயெடுப்பாள். அவனோ உள்ளே நுழையும்போதே, "நர்ஸம்மா கடைக்கு போன் பண்ணி, நீ ஜம்முனு இருக்கேன்னு சொன்னாங்க. அப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்வான். அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது?

ஒரு மத்தியானம், நர்ஸம்மா கொடுத்துவிட்டுப் போன படிவ நகலின் அடியில் அச்சிட்டிருந்த உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் அன்பாகத்தான் கேட்டாள். "சொல்லுங்கம்மா, என்ன கஷ்டம்?" இவள் வாய் திறப்பதற்குள் ஹாலிலிருந்து சிரிப்புக்காரியின் குரல் போனுக்குள் நுழைந்தது. "ஒண்ணுமில்லை மேடம், நம்பர் சரியா இருக்கான்னு பார்த்தேன்."

"அப்படியா, சந்தோஷம்மா." அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் நர்ஸம்மாவிடம் சிரிப்புக்காரி மறுபடியும் பத்துக் கேள்விகளுக்கும் பதில் சொன்னாள். கிளம்பும்போது நர்ஸம்மா வாசலில் நின்று, "இனி ஒரே தடவைதான். அப்புறம் உங்க ஃபைலை மூடிடுவேன்" என்றார். கதவுக்குப் பின்னால் அவளுக்கு அது கேட்டது. அதற்கப்புறம் இந்தக் கதவைத் தட்ட ஆள் கிடையாது.

குரல்தான் போய்விட்டது. கை இருக்கிறதே?

நர்ஸம்மா எடை பார்க்கும்போது துணி, டயபர் எல்லாவற்றையும் தானே கழற்றுவார். கடைசி நாள் காலை ஒன்பதரைக்கு ஒரு புது டயபரை முழங்காலில் விரித்து, பால்பாயின்ட் பேனாவால் உள்பக்கம் எழுதினாள். பஞ்சில் பேனா சிக்கிச் சிக்கிக் கிழித்தது. *பேசுவது நான் இல்லை. பத்தாவதுக்குப் பதில் ஆமாம். உள்ளே இருக்கிறேன்.* குழந்தைக்குக் கட்டித் தொட்டிலில் போட்டாள். படுக்கையறைக்குள் நுழையும்போதே முதுகுக்குப் பின்னால் ஹோட்டல் சென்ட் வாசனை அடித்தது. திரும்பவில்லை.

பத்து மணி.

மணி அடிக்கவில்லை. கதவு திறந்தது.

கேள்விகள். சிரிப்பு. எடைத் தராசை மேசையில் வைக்கும் சத்தம்.

"டயபர் கசகசன்னு இருக்கு சிஸ்டர். குளிப்பாட்டியே கொண்டுவந்துடறேன்."

"வேணாம் வேணாம். நானே கழட்டிக்கிறேன்."

ஒட்டுப்பட்டை பிரியும் சத்தம். ஒன்று. இரண்டு.

பிறகு சத்தமே இல்லை.

"என்ன சிஸ்டர்? எடை குறைஞ்சிடுச்சா?"

"இல்லைம்மா." நர்ஸம்மாவின் குரல் மாறவில்லை. "கொஞ்சம் இருங்க."

காலடிகள். படுக்கையறைக் கதவு திறந்தது. துண்டில் சுற்றிய குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நர்ஸம்மா உள்ளே வந்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டார். தரையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"எழுதினீங்களே, அதுவே பெரிசு. இது வியாதிம்மா. உங்க தப்பு இல்லை. டாக்டர் இருக்காங்க, மருந்து இருக்கு. இன்னைக்கே சேர்த்துடலாம். பாப்பாவை யாரும் பிரிக்க மாட்டாங்க."

அவள் அழுதாள். அழுகைக்குச் சத்தம் இருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளுடைய சொந்தச் சத்தம்.

நர்ஸம்மா அங்கிருந்தே டாக்டரிடம் பேசினார். டயர் கடைக்கும் போன் போட்டார். மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வரும்படி புருஷனிடம் சொன்னார்.

வெளியே வந்தபோது ஹால் காலி. குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நர்ஸம்மா ஒருகணம் நின்றார். உள்ளே எட்டிப் பார்க்காமல், அவள் தோளைப் பிடித்து வேகமாக வாசலுக்கு நடத்தினார்.

நர்ஸம்மாவின் கார் கிளம்பியது. குழந்தை அவள் மடியில், சூடாக, தூங்கிக்கொண்டு. தெருமுனையில் ஒரு லாரிக்காக நிற்கவேண்டி வந்தது. பக்கக் கண்ணாடியில் வீடு சின்னதாகத் தெரிந்தது. தெருவின் அந்தக் கோடியிலிருந்து ஒரு பைக் வந்து வாசலில் நின்றது. புருஷன். துணி எடுக்க வந்திருக்கிறான். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே படியேறினான்.

"சிஸ்டர், நிறுத்துங்க" என்றாள். கார் நின்றுகொண்டுதான் இருந்தது.

அவன் சாவிக்காகப் பாக்கெட்டைத் தடவினான். சாவியை எடுக்கவில்லை. மணியையும் அடிக்கவில்லை.

கதவு திறந்தது. உள்ளிருந்து ஒரு கை நீண்டு ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டது. முழங்கை வரை ஈரம்.

அவன் சிரித்தபடி உள்ளே போனான்.