நடுவி கண்ட பிழை

மனித நடுவர்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, ஜோடியாகத் தண்ணீரில் ஆடும் நீர்நடனப் போட்டியில் சிரிப்பில்கூடப் பிசிறு பார்க்கப்பட்டது. குளத்தைச் சுற்றிக் கண்களைப் பதித்துக்கொண்டு மார்க் போடும் எந்திரத்துக்கு நடுவி என்று பேர். ஜோடியில் ஒருத்தியின் விரல் மயிரிழை பிந்தினாலும் மணியடித்துக் கழித்துவிடும். அதற்குப் பயந்துதான் எல்லா அணிகளும் இணைநரம்பிக்குப் போயின. பிடரியில் ஒட்டும் சின்ன வில்லை அது. முன்னவள் கையைத் தூக்கினால் பின்னவளின் கையும் தானாகத் தூக்கும். இவள் சிரித்தால் அவளும் சிரித்தாக வேண்டும். மூச்சை மட்டும் அதால் கடத்த முடியாது. அது அவரவர் பாடு.

தூத்துக்குடியில் நடந்த இறுதிப் போட்டியில் ஜெனோவா முன்னவள், கோமதி பின்னவள். பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரே குளத்தில் ஊறியவர்கள். கோமதி காய்ச்சலில் கிடந்து எழுந்தவள். தலைகீழாக நிற்கும் கட்டத்தைக் குறைக்கலாமா என்று காலையில் கேட்டுப் பார்த்தாள். எழுதிக் கொடுத்த அசைவை மாற்றினால் அந்தக் கட்டத்துக்கு மார்க்கே கிடையாது என்று பயிற்சியாளர் இம்மானுவேல் சார் கையை விரித்துவிட்டார். தாங்கிடுவடி என்று ஜெனோவாவும் தோளைத் தட்டினாள். மெடல் ஆசை யாரை விட்டது?

முன்பெல்லாம் மூச்சு முட்டினால் ஒருத்தி மற்றவளைக் கிள்ளுவாள். இருவரும் மேலே வந்துவிடுவார்கள். இப்போது கிள்ளுவதற்குப் பின்னவளின் கை அவள் சொல்படி கேட்டால்தானே.

கால்கள் தண்ணீருக்கு மேலே நிற்க, அடியில் கோமதியின் வாயிலிருந்து குமிழிகள் கொத்தாகக் கிளம்பியதை ஜெனோவா பார்த்தாள். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் போட்டி போச்சு. இன்னும் கொஞ்சம்தான் என்று கட்டத்தை முடித்தாள். அதற்குள் குமிழிகள் நின்றுபோயிருந்தன.

இருவரும் ஒன்றாக மேலே வந்தார்கள். பழக்க தோஷத்தில் ஜெனோவா சிரித்தாள், கோமதியும் சிரித்தாள். ஆனால் அவள் கண்கள் நிலைகுத்தியிருந்தன, உதடு நீலம் பாரித்திருந்தது. ஜெனோவா கத்தினாள்.

“கோமதிக்கு மூச்சு இல்ல! யாராவது வாங்க!”

கோமதியின் வாயும் அதே அளவுக்குத் திறந்து மூடியது. இசையில் குரல் எடுபடவில்லை. ஜெனோவா கையை ஆட்டிக் கூப்பிட்டாள், கோமதியும் ஆட்டினாள். அரங்கமே எழுந்து கைதட்டியது. பலகையில் முழு மார்க் விழுந்தது, அதுவரை யாரும் வாங்காத மார்க்.

பாவி நான், பாவி நான் என்று அழுதுகொண்டே அவள் கோமதியின் பிடரிக்குக் கையை நீட்டினாள். கோமதியின் கையும் அவள் பிடரிக்கு வந்தது. தோழிகள் கட்டிக்கொள்கிறார்கள் என்று கூட்டம் உருகியது. ஒரே இழுப்பில் இரண்டு வில்லைகளும் பிய்ந்து வந்தன. கோமதி கல்லாக மூழ்கினாள்.

நடுவி உடனே மணியடித்தது. ஒருத்தி மேலே, ஒருத்தி கீழே. மார்க் இறங்கியது.

கரையிலிருந்த இம்மானுவேல் சார் தண்ணீரைப் பார்க்கவில்லை, பலகையைத்தான் பார்த்தார்.

“மார்க்க உறுதி பண்ற வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதாம்மா?” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஜெனோவா அதற்குள் அடியில் போயிருந்தாள். குளத்தரையில் காலை ஊன்றி, கோமதியை இரு கைகளாலும் அள்ளித் தூக்கினாள். காலால் தரையைத் தொட்டதற்காக நடுவி மறுபடியும் மணியடித்தது.