வாசம் நின்றால் ஏறிவிடு

ஆம்பூரில் ஏப்ரல் மாதம் மத்தியானம் ஒரு மணிக்கு வெளியே நிற்பதும், கொதிக்கிற சோற்றுப்பானையைத் திறந்து முகத்தை நீட்டுவதும் ஒன்றுதான். ஹைவேயிலிருந்து ஹோட்டல் வாசலுக்கு இருபது அடி. அதற்குள் சுடிதார் முதுகோடு ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக் கதவு தானாக விலகியது. உள்ளே மார்கழி.

மேனேஜர் மதியழகன் எழுந்து நின்று கும்பிட்டார். எலுமிச்சம்புல் வாசனையோடு சுருட்டி வைத்த ஈரத்துண்டு, நன்னாரி சர்பத், சாவிக்குப் பதில் ஓர் அட்டை.

“போன வருஷம் தங்கின அதே ரூம்தான் மேடம். இருநூத்தி எட்டு. கம்பெனியில சொல்லி வெச்சிட்டாங்க.”

கம்பெனி என்றால் தோல் கம்பெனி. ஹோட்டலும் அதே முதலாளியுடையது. நான் சென்னையில் ஆடிட்டர். வெளிநாட்டில் ஷூ வாங்குகிறவர்களுக்காக இங்கே தொழிற்சாலைகளைச் சோதித்து அறிக்கை அனுப்புவது என் வேலை. சோதிக்கப்படுகிறவனே சோதிக்கிறவளுக்கு ரூம் போட்டுக் கொடுப்பான். இந்தத் தொழிலில் இதுதான் வழக்கம், யாரும் வெட்கப்படுவதில்லை. நானும் படவில்லை. தகர ஷீட்டுக்குக் கீழே ஒரு டேபிள் ஃபேனை ஐந்து பேர் பங்கு போட்டுத் தூங்கி வளர்ந்தவள் நான். எங்கள் காலனியில் முதல் டிகிரி என்னுடையது. ஏசி ரூமைப் பற்றி யாரும் எனக்கு ஒழுக்கம் சொல்லித்தர வேண்டாம்.

அறையைத் திறந்தேன். கனமான திரை. வெள்ளை மெத்தை. கால் புதைகிற கம்பளம்.

அப்போதே அந்த வாசம் இருந்தது.

அழுகின முட்டை. சுண்ணாம்பு. பச்சைத் தோல்.

இங்கேதான் தப்பு செய்தேன். சென்னைக்காரியாக இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு ரூம் கேட்டிருப்பாள். வெள்ளைக்காரனாக இருந்தால் ஹோட்டலையே மாற்றியிருப்பான். நான் இந்த ஊரில் பிறந்தவள். காலையில் கண் விழிக்கும்போதே அந்த வாசம் மூக்கில் இருக்கும், பல் துலக்கும்போது மறந்துபோகும். ஊர் வாசம்தானே என்று செருப்பைக் கழற்றிப் போட்டேன். ரப்பர் வைத்து அடைத்த, திறக்கவே முடியாத ஜன்னல் வழியாக ஊர் எப்படி உள்ளே வரும் என்று யோசிக்கவில்லை.

லேப்டாப்பைத் திறந்தேன். காலையிலேயே கம்பெனியைச் சுற்றிப் பார்த்தாகிவிட்டது. ஆறு மணிக்குள் அறிக்கை போக வேண்டும். ஒரு கேள்வி மட்டும் பாக்கி.

‘கடந்த பன்னிரண்டு மாதங்களில் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆள் இறங்கியதுண்டா? ஆம் / இல்லை.’

ஆம் என்று போட்டால் ஆர்டர் நிற்கும். தொட்டியைப் பூட்டி, உறிஞ்சுகிற மெஷின் கொண்டுவந்து காட்டினால்தான் மறுபடி நகரும். இல்லை என்று போட்டால் எல்லாம் அப்படியே ஓடும். காலையில் தொட்டி ஓரத்தில் ஒரு தாம்புக்கயிறு கிடந்தது. சகதி காயாமல் இருந்தது. நான் பார்த்தேன். மனிதவளப் பிரிவு காசிநாதன், நான் பார்த்ததைப் பார்த்தார்.

அப்புறம் போடலாம் என்று படுத்துவிட்டேன்.

மூன்று மணி இருக்கும். திரைக்குப் பின்னால் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அறைக்குள் ஒரு பச்சை விளக்குப் பொட்டைத் தவிர வெளிச்சம் இல்லை. ஏசி ஒரே சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

கால்மாட்டில் போர்வை நகர்ந்தது.

இடது பக்கம். இரண்டு இழுப்பு.

மெத்தைக்கு அடியில் செருகியிருந்த துணி தளர்ந்திருக்கும் என்று நினைத்து இழுத்துப் போர்த்திக்கொண்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. வாசம் மட்டும் கூடியிருந்தது. இப்போது அது அறையில் பரவியதாக இல்லை. கட்டிலுக்குக் கீழேயிருந்து ஊறி வருவதாக இருந்தது.

மறுபடி. இரண்டு இழுப்பு.

கீழே பாரம் தொங்குகிற மாதிரி.

எழுந்து விளக்கைப் போட்டேன். போர்வையின் இடது நுனி நனைந்திருந்தது. கறுப்பாக, கொழகொழவென்று. தொட்ட விரலை முகர்ந்து பார்த்துவிட்டு ரிசப்ஷனுக்கு போன் போட்டேன். ரூமில் நாற்றம் என்று மட்டும் சொன்னேன். வேறு என்ன சொல்வது.

ஐந்து நிமிடத்தில் ஹோட்டல் புடவையில் ஒரு அம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும். மார்பில் குத்தியிருந்த பட்டையில் டோரதி என்று பெயர். கையில் எலுமிச்சம்புல் ஸ்ப்ரே.

“இன்னா மேடம், இப்பத்தான் அடிக்குதா?”

“வந்தப்பவே இருந்துச்சுக்கா. இப்ப ஜாஸ்தி. உங்களுக்கு அடிக்கலயா?”

“எனக்கு மூக்கு போயி ரொம்ப நாளாச்சு. பதினஞ்சு வருஷம் பச்சத் தோலுக்கு உப்பு தட்டிக்கினு இருந்தேன்.” மூலைக்கு மூலை அடித்தார். “வர்றவங்க எல்லாம் கதவத் தெறந்ததுமே பேஜாராயி வேற ரூம் கேட்டுக்கினு போய்டறாங்க. நீங்கதான் ரெண்டு மணி நேரம் படுத்துக்கினு இருந்திருக்கீங்க. நம்ம ஊர்க்காரங்களுக்குத்தான் அந்த ராசி.”

போர்வை நுனியைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. உருவி மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“இங்க எவ்ளோ நாளா வேலை?”

“ஒரு வருஷம். எங்க வீட்டுக்காரர் போனதும் முதலாளி போட்டுக் குடுத்தாரு. வாயத் தெறக்காம இருந்தா ஏசியிலயே இருக்கலாம்னாரு.” சிரித்தார். “இன்பராஜ். நீங்க அன்னிக்கி அங்கதான் இருந்தீங்க. கிளாஸ் எடுத்துக்கினு.”



போன வருடம் நான் எடுத்தது பாதுகாப்பு வகுப்பு. பதினாலாவது ஸ்லைடு தொட்டி வாயுவைப் பற்றியது. முதலில் முட்டை நாற்றம் அடிக்கும். வாயு ஏற ஏற மூக்கு செத்துவிடும். நாற்றம் போய்விட்டது, காற்று சுத்தமாகிவிட்டது என்று ஆள் நினைத்துக்கொள்வான். அதற்கப்புறம் ரெண்டு மூச்சுதான். ‘வாசம் நின்றால் உடனே ஏறிவிடு’ என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தேன். எங்கள் தெருவில் பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் அது தெரியும். அதைத்தான் ஸ்லைடு போட்டு அவர்களுக்கே சொன்னேன்.

“அறுபத்திரண்டு பேரும் வந்தாத்தான் போட்டோன்னு சொன்னீங்களாம்,” என்றார் டோரதி. “ஒருத்தர் கம்மி. தொட்டி மேல கயிறு புடிச்சிக்கினு நின்ன எங்க கொழுந்தன் டேனியல இட்டுக்கினு வந்து நிக்க வெச்சாங்க. கீழ இருந்த எங்க வீட்டுக்காரரு கான்ட்ராக்ட். லிஸ்ட்ல பேரு இல்ல. உங்க தலை எண்ணிக்கை சரியா வந்துச்சு.”

அவர் ஸ்ப்ரேயை மேஜைமேல் வைத்தார்.

“ரெண்டு இழுப்பு இழுத்தா தூக்கணும். அவங்களுக்குள்ள அதான் பேச்சு. எத்தினி வாட்டி இழுத்தாரோ.” குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. “நேத்து தொட்டியில மேல மேல வாரினாங்க. மிச்சத்துக்கு திங்கக்கெழம டேனியல் எறங்கறான். மெஷின் ரிப்பேராம். நீங்க எழுதினா பூட்டிடுவாங்களாமே. எழுதுவீங்களா?”

“எழுதறேன்க்கா.”

ஸ்ப்ரேயைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

“போன வருஷமும் இந்த ரூம்லதான் ஒக்காந்து எழுதினீங்க.” கதவுவரை போய் நின்றார். “நாத்தம் இருக்கறப்பவே கெளம்பிடுங்க மேடம்.”

ரூம் பாய் பிரியாணியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனதும், ஆம் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அனுப்பும் பொத்தான்மேல் விரலை வைத்தேன். அப்போது காசிநாதன் போனில் கூப்பிட்டார்.

“பிரியாணி வந்துச்சா மேடம்? சூடா குடுக்கச் சொன்னேன்.”

“தொட்டிக்குள்ள ஆள் எறங்கறாங்க சார்.”

“போன வருஷமும்தான் எறங்கினாங்க.” குரலில் சர்க்கரை குறையவில்லை. “நீங்க இல்லைன்னு போட்ட பேப்பர் என் டேபிள்ல இருக்கு. பொணத்தைப் பாத்துட்டுப் போய் போட்டீங்க. இப்ப ஆமான்னா, அப்ப பொய் சொன்னது யாரு? அப்புறம் இன்னொன்னு. தையல்ல நானூறு பொம்பளைங்க இருக்காங்க. பாதிப் பேர் உங்க காலனி. ஆர்டர் நின்னா அவங்ககிட்ட யாரு பேரச் சொல்லட்டும்? ஜெனிஃபான்னு சொல்லட்டுமா?”

நான் வைத்துவிட்டேன். அவனை எத்தனை கெட்ட வார்த்தை உண்டோ அத்தனையும் சொல்லித் திட்டினேன். டோரதியையும் திட்டினேன். எறங்க மாட்டேன் என்று சொல்லத் தெரியாத டேனியலையும் திட்டினேன். எல்லாரும் எறங்குவார்கள், பழியை ஏற்றிவைக்க மட்டும் மேலே நான் வேண்டும். ஒவ்வொரு படியாக நகத்தால் பிறாண்டி ஏறி வந்தவள் நான். திரும்ப இறங்குவதற்கு இல்லை.

டிக்கை எடுத்து இல்லை என்ற கட்டத்தில் போட்டேன்.

வாசம் நின்றது.

மெதுவாகக் குறையவில்லை. விளக்கை அணைத்தது போல நின்றது.

முட்டை நாற்றமும் இல்லை. எலுமிச்சம்புல்லும் இல்லை. மேஜைமேல் பிரியாணி ஆவி பறந்துகொண்டிருந்தது. அதற்கும் வாசம் இல்லை.

ரெண்டு மூச்சு.

எழுந்தேன். முழங்கால் மடங்கிக் கம்பளத்தில் விழுந்தேன். கம்பளம் ஈரமாக, கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. கதவு எட்டடி தூரத்தில் இருந்தது. ஆனால் பக்கவாட்டில் இல்லை. மேலே இருந்தது.

இடது கணுக்காலை ஒரு கை பிடித்தது. சுண்ணாம்பில் வெந்த, தோல் உரிந்த கை.

கீழே இழுத்துக்கொள்ளவில்லை. கொல்ல வரவில்லை.

இரண்டு இழுப்பு. நிறுத்தி, மறுபடி இரண்டு.

தூக்கச் சொல்லிக் கேட்டான்.

கையைக் கொடுத்திருக்கலாம். லேப்டாப் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது, ஒரு டிக்கை மாற்றியிருக்கலாம். எனக்கு அது தெரிந்தே இருந்தது. மற்றக் காலால் அந்தக் கையை மிதித்தேன். எலும்பு நொறுங்குகிற வரை மிதித்தேன். பிடி விட்டது. லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கதவை நோக்கி ஏறினேன்.

வெளியே தள்ளுவண்டியோடு டோரதி நின்றுகொண்டிருந்தார். கை கொடுக்கவில்லை. என் கணுக்காலைப் பார்த்தார். அப்புறம் லேப்டாப்பைப் பார்த்தார்.

“எழுதிட்டீங்களா?”

லிஃப்டுக்கு ஓடினேன். லாபியில் மதியழகன் இன்னொரு ஈரத்துண்டு கொடுத்தார். அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்து, ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அறிக்கையை அனுப்பினேன். எதையும் மாற்றவில்லை.

திங்கட்கிழமை பதினொன்றரைக்குக் காசிநாதனிடமிருந்து போனில் செய்தி வந்தது. ‘சின்ன அசம்பாவிதம் மேடம். நீங்க வர வேணாம். நாங்க பாத்துக்கறோம்.’

இது நடந்து ஆறு வாரமாகிறது. சென்னையில் மூக்கு டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். மல்லிகை, மீன், பெட்ரோல், என் வேர்வை, எதற்கும் வாசம் இல்லை. வாசம் நின்றால் உடனே ஏறிவிட வேண்டும். எதிலிருந்து ஏறுவது என்றுதான் தெரியவில்லை.

மத்தியானத்தில் படுப்பதை நிறுத்திவிட்டேன். போர்வையும் வைத்துக்கொள்வதில்லை. ஆபீசில் நாற்காலிமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். அப்படியும் மூன்று மணிக்கு அது வரும். அந்தத் திங்கட்கிழமைவரை இடது காலில் மட்டும் வந்தது.

இப்போது இடது காலில் இரண்டு இழுப்பு.

வலது காலில் இரண்டு.