பீங்கான் குழாய்

பாட்டு முடிந்து கைபேசியும் அணைந்துவிட்டது. ஆனாலும் ஒலிபெருக்கிக் குழாய்கள் இரண்டும் சும்மா இருக்கவில்லை. ஐப்பசி மழை ஓட்டின்மேல் விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த முற்பகலில், ஈரச் சுவரின் வாடையும் கோடாலித் தைலத்தின் நெடியும் கலந்து நின்ற அந்தச் சின்ன அறைக்குள், யாரோ மெல்ல மூச்சை உள்ளே இழுக்கும் ஓசை குழாய்களிலிருந்து வந்தது. ஆம்ப்ளிபையரின் கண்ணாடி வால்வுகள் சன்னதி விளக்குப் போலச் செம்மஞ்சளாய் எரிந்துகொண்டிருந்தன. கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த கொளஞ்சிநாதன் திரும்பிக் கட்டிலைப் பார்த்தார். மனைவி அமிர்தத்தின் மார்பு எழுந்து தாழ்ந்தது.

அவள் மூச்சுதான். பழைய வால்வு செட்டுக்கு அப்படி ஒரு குணம் உண்டு. பக்கத்தில் டம்ளர் விழுந்தாலும் அந்த அதிர்வை வாங்கிக் குழாயில் விட்டுவிடும். சரி என்று கஞ்சியை எடுத்தவரின் கை, அவள் உதட்டருகே போய் அப்படியே நின்றது.

குழாய் மூச்சை இழுத்தது. அவர் ஒருமுறை கண்ணிமைத்தார். அதற்குப் பிறகுதான் அவள் மார்பு எழுந்தது.

அமிர்தம் பக்கவாதத்தில் விழுந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பேச்சு போய்விட்டது. கண் மட்டும் பேசும். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அவளைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் அவர்தான். ஆடி மாதம் தெருக் கோடியில் கூழ் ஊற்றினார்கள். அன்றைக்குக் கம்பத்தில் கட்டிய குழாயில் சாமிப் பாட்டு ஒலித்தபோது, அசையாமல் கிடந்த அவளுடைய வலதுகைச் சுட்டுவிரல் போர்வைமேல் தாளம் போட்டது. கைபேசியில் அதே பாட்டைப் போட்டார். விரல் அசையவில்லை. குழாயில் கேட்டால்தான் அவளுக்குக் கேட்கிறது என்று அவர் முடிவு செய்துகொண்டார்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மைக் செட்டு வாடகைக்கு விடும் விமல்ராஜ், பரணில் கிடந்த வால்வு ஆம்ப்ளிபையரையும் குழாயின் அடியில் ஒலி எழுப்பும் இரண்டு பழைய யூனிட்டுகளையும் துடைத்துச் சும்மாவே கொடுத்தான்.

"பதினைஞ்சு வாட்டுதாண்ணே. இப்ப பசங்க ரெண்டாயிரம், மூவாயிரம்னு கேக்குறானுங்க. ஆனா இந்த யூனிட்டு அடம் புடிக்காத கொழந்த மாதிரி. ரெண்டு வாட்டு ஊட்டுனா போதும், தெருவே கேக்கும். இந்த செட்டுக்கு இதத் தவிர வேற சோடி கெடையாது. ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க. யூனிட்ட கழட்டிட்டு செட்ட ஆன் பண்ணாதீங்க. வேல குடுக்காம நிறுத்துனா டிரான்ஸ்பார்மர் வெந்துபோவும்."

யூனிட் இருந்தது. அதன் முன்னால் பொருத்தும் அலுமினியப் புனல்கள்தான் என்றைக்கோ காயலான் கடைக்குப் போயிருந்தன. கொளஞ்சிநாதன் முப்பது வருடம் பீங்கான் தொழிற்பேட்டையில் பியூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் வார்த்தவர். புனலைப் பீங்கானிலேயே வார்த்துவிடலாம் என்று அச்சு எடுத்தார். களிமண் இருந்தது. கலவையில் சேர்க்க வேண்டிய வெள்ளைக்கல் மாவு தீர்ந்துவிட்டது. சரக்கு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். இன்னும் ஒரு வாரம் அவள் விரல் சும்மா கிடப்பதா என்று அவருக்குத் தாங்கவில்லை. கோணிப்பையை எடுத்துக்கொண்டு மணிமுத்தாற்றுக்குப் போனார்.

அந்த ஆற்றில் கரைத்த எலும்பு வெள்ளைக் கூழாங்கல்லாகிவிடும் என்று விருத்தாசலத்தில் எல்லோரும் சொல்வார்கள். அவரும் கேட்டு வளர்ந்தவர்தான். ஆனால் முப்பது வருடம் கல்லை அரைத்த கைக்குக் கல் வெறும் கல்லாகிவிட்டிருந்தது.

கரையில் ஈரச் சேலையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் காலிக் கலயம். கூட ஆண் துணை யாரும் இல்லை.

"அண்ணா, அந்த எடத்துல அள்ளாதீங்கண்ணா. எம் பொண்ண இப்பதான் அங்க வுட்டேன்."

"இதெல்லாம் மலையிலேர்ந்து அடிச்சிகிட்டு வந்த கல்லும்மா."

"பத்தடி தள்ளிப் போயி எடுத்துக்கோங்களேன்."

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நல்ல கல் அங்கேதான் கிடந்தது. அவர் குனிந்து பையை நிரப்பினார். பத்தடி. அவள் கேட்டது அவ்வளவுதான்.

அந்தக் கல்லை அரைத்துக் கலந்து வார்த்த குழாய்கள் சூளையிலிருந்து சங்கு போல வெளியே வந்தன. சுண்டினால் மணி போல நாதம் நின்றது. முதல் நாள் பாட்டுப் போட்டதுமே அமிர்தத்தின் விரல் தாளம் போட்டது. அவர் சுவரில் சாய்ந்து அழுதார். மறுநாளிலிருந்து விரல் அசையவில்லை. பாட்டுப் போடத் தொடங்கி இன்றைக்கு எட்டாம் நாள்.

போன் போட்டதும் விமல்ராஜ் மழைக்கோட்டோடு வந்து, பென்சிலால் வால்வைத் தட்டினான். குழாயில் 'டங்' என்றது.

"வால்வு கெழவனாயிட்டாண்ணே. அண்ணி மூச்ச ஒட்டுக் கேக்குறான். காது கூர்மையா இருக்குது, வேற ஒண்ணுமில்ல."

"மூச்சு முன்னாடி வருதுப்பா."

"எதுக்கு முன்னாடி?"

"அவளுக்கு முன்னாடி."

விமல்ராஜ் சிரித்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து குழாயையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தான். நாலாவது மூச்சில் சிரிப்பு நின்றுவிட்டது.

"செட்ட ஆஃப் பண்ணுங்கண்ணே."

கொளஞ்சிநாதன் சுவிட்சைத் தட்டினார். வால்வின் சிவப்பு மெல்லக் கருத்தது. குழாய்கள் அடங்கின. மழை மட்டும் கேட்டது. அமிர்தத்தின் மார்பு தாழ்ந்தது. எழவில்லை. அவள் கண் திறந்திருந்தது, அவரையே பார்த்தது. எழவில்லை. உதட்டில் நீலம் ஏறியது. அவர் பாய்ந்து சுவிட்சைப் போட்டார். வால்வு என்பது குண்டு பல்பு அல்ல, போட்டவுடன் எரிய. அது சூடேற வேண்டும். கம்பி மங்கலாய்ச் சிவந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். அவர் முருகனின் பெயரைச் சொல்லிக்கொண்டே அவள் கன்னத்தைத் தட்டினார். அரை நிமிடம் இருக்கும். 'ம்ம்' என்ற இரைச்சல் எழுந்தது. குழாய் மூச்சிழுத்தது.

அவளும் இழுத்தாள்.

மதியம் வந்து பார்த்த டாக்டர், இப்படிப் படுத்திருப்பவர்களுக்கு மூச்சு விட்டு விட்டு வருவது வழக்கம்தான் என்று சொல்லி ஊசி போட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்க வாயெடுத்த கொளஞ்சிநாதன், குழாயை விட்டு வாசல்வரை போவதற்குள் என்ன ஆகும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டார்.

டாக்டர் போன பிறகு விமல்ராஜின் கைபேசியில் மின்வாரியக் குறுஞ்செய்தி வந்தது. படித்துவிட்டு ஆம்ப்ளிபையரைத் திரும்பிப் பார்த்தான்.

"நாளைக்கி மெயின்டனன்ஸ். காலைல ஒம்போதுலேர்ந்து நாலு மணி வரைக்கும் கரண்டு இல்லியாம்." அவர் முகத்தைப் பார்த்து அவசரமாகச் சொன்னான்: "நம்ம இன்வெர்ட்டரு கம்மாபுரத்துல ஒரு கல்யாணத்துல ஓடுது. விடிஞ்சதும் நானே போயி எடுத்தாந்துடுறேன். எட்டரைக்கு இங்க இருப்பேன். பயப்படாதீங்க."

மாலை ஆக ஆகக் குழாயின் மூச்சு மாறியது. இழுப்பின் கடைசியில் ஒரு கீச்சு. கதவிடுக்கில் காற்று நுழைவது போல மெலிந்த, நீண்ட விசில். பத்து நிமிடத்தில் அமிர்தத்தின் தொண்டையிலும் அதே விசில் வந்தது. நாற்பது வருடத்தில் அவளுக்கு ஒருநாள்கூட இளைப்பு வந்ததில்லை.

அது வேறு யாருடைய மூச்சோ.

"ஆத்தங்கரையில ஒரு பொம்பள," என்றார் கொளஞ்சிநாதன். "பொண்ணு செத்துப்போயிருக்கும். தனியா வந்து கரைச்சா."

"வேம்பு அக்காவா? டீ கப்பு கம்பெனில வேல பாக்குறாங்க. ரயில்வே லைனுக்கு அந்தாண்ட வூடு. எதுக்குண்ணே?"

அவர் எழுந்தார். அரைத்தது போக மீந்திருந்த ஒரு கை கல்லைத் துண்டில் முடிந்துகொண்டார். விமல்ராஜை அமிர்தத்தின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த வீட்டு வாசலில் போய் நின்றார்.

வேம்பு அவரை அடையாளம் கண்டுகொண்டாள். கோபப்படவில்லை. உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடிக்காமல் சொம்பைக் கீழே வைத்தார்.

"தப்புப் பண்ணிட்டேம்மா," என்று முடிச்சை அவிழ்த்தார். அவள் முந்தானையை ஏந்திக் கல்லை வாங்கிக்கொண்டாள். ஒவ்வொன்றாய்த் துடைத்தாள்.

"பொண்ணு எப்படிம்மா போச்சு?"

"இளைப்புண்ணா. பத்தொம்போது வயசு. எட்டு நாளு விசிலு அடிச்ச மாதிரி இழுத்துகிட்டே கெடந்தா. ஒம்போதாம் நாளு காலையில, நானு வேலைக்கிப் போவலாமா, லீவு சொல்லலாமான்னு யோசிச்சிகிட்டு நிக்கிறேன், ஒம்போது மணி இருக்கும். பெருசா மூணு மூச்சு இழுத்தா. ஒண்ணு, ரெண்டு, மூணு. அவ்ளோதான்."

வெளியே ரயில் ஒன்று போயிற்று. வீடு அதிர்ந்து நின்றது.

"மீதி கல்லு எங்கண்ணா?"

"வூட்ல இருக்குது."

"கொண்டாந்து சேத்துடுங்க. தனியா இருக்க அவளுக்குப் பயம். பக்கத்துல யாராச்சும் இருக்கணும் அவளுக்கு."

அவர் இரவெல்லாம் அமிர்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழாய்களைக் கழற்றி ஆற்றில் சேர்த்தால், இவள் மூச்சு இந்த அறையிலேயே நின்றுவிடும். கழற்றாமல் விட்டால், காலையில் அந்த மூன்று மூச்சு வரும். திருநீற்றை எடுத்து அவள் நெற்றியிலும் இரண்டு குழாய்களின் விளிம்பிலும் பூசினார். அம்மா தாயே, நான் பத்தடி தள்ளிப் போயிருக்கலாம் என்று குழாயிடம் சொன்னார். குழாய் விசிலோடு இழுத்தது. விட்டது. இழுத்தது.

விடிந்தது. மழை விட்டிருந்தது. எட்டரை ஆயிற்று. விமல்ராஜ் வரவில்லை.

எட்டு ஐம்பத்தைந்துக்குப் போன் வந்தது.

"ரயில்வே கேட்டு போட்டுட்டாண்ணே. கூட்ஸு நிக்குது. இன்வெர்ட்டரு வண்டிலதான் இருக்குது. அஞ்சே நிமிஷம்."

குழாயின் மூச்சு நீண்டுகொண்டே போனது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே அவர் மனதுக்குள் ஏழு எண்ணினார். பிறகு ஒன்பது. அமிர்தத்தின் கழுத்து நரம்பு புடைத்தது.

மின்விசிறி தளர்ந்தது.

நின்றது.

வால்வில் சிவப்பு ஒரு நூலாய் மினுங்கியது. பிறகு அதுவும் இல்லை. குழாய்கள் அடங்கின. அவள் மார்பு தாழ்ந்து, தாழ்ந்த இடத்திலேயே நின்றது. கண் அவரைப் பார்த்தது.

அவருக்கு ஒன்றுதான் தோன்றியது. குனிந்து, இடப்பக்கக் குழாயின் வாயில் தன் வாயை வைத்தார். நெஞ்சில் இருந்ததையெல்லாம் அதற்குள் ஊதினார்.

அமிர்தத்தின் மார்பு எழுந்தது.

மறுபடி ஊதினார். மறுபடி எழுந்தது. பீங்கான் மெருகு உதட்டில் சில்லென்று பட்டது. ஆற்றுத் தண்ணீரின் வாடை. சேறு, பாசி, கருகிய விறகு. கண்ணில் நீர் வழிய ஊதினார். ஐந்து நிமிடம் போதும். அவன் வந்துவிடுவான். தன் மூச்சு முழுவதையும் கொடுத்தாலும் சரி. கொடுக்கலாம். கொடுத்துவிடலாம்.

வாசலில் பைக் வந்து நின்றது.

"அண்ணே! கதவத் தொறங்க!"

அவர் தலையைத் தூக்கப் பார்த்தார். வரவில்லை. உதடு குழாயோடு ஒட்டியிருந்தது. அப்போதுதான் புரிந்தது. அவர் ஊதவில்லை. வெகு நேரமாகவே ஊதவில்லை. குழாய்தான் இழுத்துக்கொண்டிருந்தது.

வலப்பக்கக் குழாயில் விசில் எழுந்தது. கரண்ட் இல்லை. வால்வு கறுத்துக் கிடக்கிறது. ஆனாலும் அறை நிறைய, ஓடு அதிர, பெரிதாய் ஒரு மூச்சு.

அமிர்தத்தின் மார்பு எழுந்தது. அவருடைய மார்பும் எழுந்தது.

"அண்ணே!" கதவு குலுங்கியது.

ஓரக்கண்ணில் கட்டில் தெரிந்தது. போர்வைமேல் அவளுடைய வலதுகைச் சுட்டுவிரல். எட்டு நாளாய் அசையாத விரல். அது மெல்ல உயர்ந்து போர்வையைத் தட்டியது.

ஒன்று.

குழாய் இழுத்தது. அவள் இழுத்தாள். அவர் இழுத்தார். விரல் தட்டியது.

இரண்டு.

விரல் மறுபடி உயர்ந்தது. உயர்ந்து, அந்தரத்தில், தாளத்துக்காகக் காத்து நின்றது.