ரெக்ஸ் ஹாலமின் கடைசிக் காட்சி

ஸ்பெயினின் தபெர்னாஸ் ஊரைத் தாண்டி வறண்ட ஆற்றுப் படுகைக்குள் அரை மணி நேரம் ஓட்டிவந்த பிறகு இந்தலேசியோ காரை நிறுத்தினான். அதற்கு மேல் பாதை இல்லை. எதிரே கூரை விழுந்த பழைய பண்ணைவீடு ஒன்று வெயிலில் வெளுத்துக் கிடந்தது. மணி பன்னிரண்டாக இன்னும் கொஞ்சம் இருந்தது. உச்சிவெயிலில்தான் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் அவனே. அவர்கள் இடம் தேடி வந்த பழைய படத்தின் குழிக்காட்சியில் எல்லோருடைய நிழலும் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். அதே வெளிச்சத்தில் பார்த்தால்தான் இது அந்த இடமா, கட்டுக்கதையா என்று தெரியும்.

"கட்டுக்கதைதான்," என்று காசில்டாவின் காதில் சொன்னான். "அந்தாளு புளுகுறாரு. நீ வேணா பாரு."

பின்னிருக்கையில் இருந்த கிழவர் மெல்ச்சோர் இன்னும் இறங்கவில்லை.

இந்தலேசியோ அல்மெரியா நகரில் பஸ் ஓட்டுபவன். காசில்டா மருந்துக்கடைக்காரி. ஐம்பது வருடங்களுக்கு முன்பு இத்தாலியர்கள் இந்தப் பாலைவனத்துக்கு வந்து எடுத்துத் தள்ளிய கௌபாய் படங்கள்தான் இருவரையும் நண்பர்களாக்கின. அதிலும் எவரும் கேள்விப்படாத ஒரு படத்தின் மேல் இருவருக்கும் பைத்தியம்: 'ஞாயிறு வரை பொறு, குழிவெட்டி'. நாயகன் பெயர் ரெக்ஸ் ஹாலம். பெயர்தான் அமெரிக்கப் பெயர். ஆள் எந்த ஊர், சொந்தப் பெயர் என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. நடித்தது அந்த ஒரே படம்.

சனிக்கிழமை மதியங்களில் மதுக்கடை மேசையில் நாலைந்து ரசிகர்கள் கூடி அந்தப் படத்தையே பேசுவார்கள். பேச்சு கடைசியில் குழிக்காட்சிக்குத்தான் வந்து சேரும். வில்லனின் ஆட்கள் நாயகனை உயிரோடு புதைக்கிறார்கள். முகம் மறைகிறது. வலது கை மட்டும் மண்ணுக்கு மேலே நின்று காற்றைப் பிறாண்டுகிறது. விரல்கள் விரிந்து, மடங்கி, மறுபடி விரிந்து, மெல்ல ஓய்கின்றன. "நடிப்புன்னா இதுடா!" என்று ஒவ்வொரு தடவையும் இந்தலேசியோ கைதட்டுவான்.

அதன் பிறகு நாயகன் குழியிலிருந்து எழுந்து பழிவாங்குகிறான். ஆனால் அந்த நாற்பது நிமிடமும் அவன் முகத்தைக் காட்டவே இல்லை. முதுகு, தொப்பி, மூக்குவரை ஏறிய கழுத்துத்துணி, அவ்வளவுதான். அது இயக்குநரின் கலைநயம் என்பாள் காசில்டா. ரெக்ஸ் எவளோடோ பாதியில் ஓடிவிட்டான், டூப் போட்டு முடித்திருக்கிறார்கள் என்பான் இந்தலேசியோ.

"ஓடல," என்று பக்கத்து மேசையிலிருந்து ஒரு சனிக்கிழமை குரல் வந்தது.

அவர்தான் மெல்ச்சோர். எழுபதை நெருங்கும் வயது. வாலிபத்தில் ஊரைவிட்டுப் போய் பார்சிலோனா பக்கம் இருந்ததாகச் சொன்னார். அந்தப் படத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றதாகவும் சொன்னார். அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றுவார். அவரை எந்தக் காட்சியிலும் இந்தலேசியோவால் கண்டுபிடிக்க முடியவில்லை. போகப் போகச் சந்தேகம் முற்றியது. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டான்: "பெரியவரே, நெசமாவே நடிச்சிருந்தா குழிக்காட்சி எடுத்த இடத்தைக் காட்டும் பாப்போம். இதுவரைக்கும் ஒருத்தனும் அதைக் கண்டுபிடிக்கல."

மெல்ச்சோர் கோப்பையைக் காலி செய்து தள்ளி வைத்தார். பிறகு, "சரி, போவோம்," என்றார்.

இப்போது காரிலிருந்து இறங்கியவர் பண்ணைவீட்டுச் சுவரோரமே நின்றுகொண்டார். "அந்தா, அந்த மேட்டுக்குக் கீழ. நீங்க போங்க. நான் வரல."

காசில்டா படத்திலிருந்து அச்செடுத்த புகைப்படத்தைத் தூக்கிப் பிடித்தாள். பின்னால் ஒட்டகத் திமில்போல இரண்டு குன்று. இடப்பக்கம் பிளந்த பாறை. ஒரு நூல்கூட விலகவில்லை.

"கடவுளே, இதேதான்!"

இந்தலேசியோவுக்குச் சந்தோஷத்தோடு கொஞ்சம் எரிச்சலும் வந்தது. கை நின்ற இடத்தைக் கண்ணால் அளந்து, அங்கே போய் நின்றான். சிள்வண்டுகள் காதைத் துளைத்துக்கொண்டிருந்தன.

செருப்பு அமுங்கியது.

குனிந்து தொட்டான். மண் ஈரமாக இருந்தது. மழை பெய்து எட்டு மாதம் ஆகிறது. சுற்றிலும் பாளம் பாளமாக வெடித்த தரை. இந்த ஓர் ஆள் நீளத்துக்கு மட்டும் கறுத்த ஈரம். அப்போதுதான் கிண்டிப் போட்டதுபோலப் பச்சை மண் வாடை.

"யோவ் பெரியவரே!" என்று கத்தினான். "காலையிலயே வந்து தண்ணி ஊத்தி வச்சிட்டுப் போனீரா? எங்களை என்ன கேணப்பயலுகன்னு நெனச்சீரா?"

மெல்ச்சோர் இந்தலேசியோவைப் பார்க்கவில்லை. அவன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிள்வண்டுச் சத்தம் நின்றது.

சரக்.

மண்வெட்டி மண்ணில் இறங்கும் சத்தம். எங்கிருந்து என்று தெரியவில்லை.

சரக்... சரக்...

"யாரு அது?" என்றாள் காசில்டா.

யாரும் இல்லை. படுகை நெடுக வெயில் மட்டும்தான். இந்தலேசியோ அப்போதும் நம்பவில்லை. எங்காவது ஓர் ஒலிபெருக்கியை ஒளித்து வைத்திருக்கிறான் கிழவன் என்றுதான் கண்களால் தேடினான்.

"விலகு!" மெல்ச்சோர் கத்தினார். "அவன் மேல நிக்காத! விலகுப்பா!"

அவர் ஓடிவந்தார். வருவதற்குள் இடறி விழுந்தார். விழுந்த இடத்திலிருந்து தவழ்ந்தே வந்து இரு கைகளாலும் ஈரமண்ணை அள்ளி வெளியே எறிய ஆரம்பித்தார்.

"எனக்குப் பத்தொம்பது வயசு," என்றார் மூச்சிரைக்க. "தொப்பியும் தாடியும் ஒட்டி மண்வெட்டியக் கையில குடுத்தாங்க. மூஞ்சிக்கு மேல ஒரு பலகை, மூச்சுவிட ஒரு குழாய், எல்லாம் வச்சிருக்கு, நீ பாட்டுக்குப் போடுன்னாங்க. போட்டேன். அவன் கைய ஆட்டினான். நல்லா நடிக்கிறான்னு நெனச்சேன். பின்னாலேருந்து, பிரமாதம், நிறுத்தாத, இன்னும் போடுன்னாங்க. போட்டேன்பா. கை நின்னப்புறமும் போட்டேன்."

காசில்டா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மண்ணைத் தள்ளிப் பாத்தா பலகை உடைஞ்சிருந்திச்சு. தோண்டி எடுக்க வேணாம், வெளிய தெரிஞ்சா எல்லாரும் உள்ள போவோம்னாங்க. அன்னிக்கு ராத்திரியே நான் ஊரைவிட்டுப் போயிட்டேன்."

இந்தலேசியோவின் கண் முன்னே அந்தக் கை விரிந்து மடங்கியது. எத்தனை தடவை பார்த்திருப்பான்? நாற்பது? ஐம்பது? ஒவ்வொரு தடவையும் கைதட்டியிருக்கிறான்.

"மன்னிச்சிரு," என்று மண்ணைப் பார்த்து அழுதார் மெல்ச்சோர். "மன்னிச்சிருய்யா."

மண்வெட்டிச் சத்தம் நின்றது.

அவர் கைகளுக்கு ஒரு சாண் தள்ளி, யாரும் தொடாத ஈரமண்ணில், சின்னதாக ஒரு குழி விழுந்தது.

பக்கத்தில் இன்னொன்று.

மூன்று. நான்கு.

கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தாவது.

மூவரும் எப்படிக் கார் வரைக்கும் வந்தார்கள் என்று இந்தலேசியோவுக்கு இன்றுவரை நினைவில்லை. மெல்ச்சோரைத் தூக்கித்தான் வந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து அவருடைய வலது கை விளங்கவில்லை.

மறுநாள் காவலர்கள் வந்து தோண்டினார்கள். ஓர் ஆள் ஆழத்தில் உடைந்த பலகையும் எலும்பும் கிடைத்தன. மெல்ச்சோர் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார், இடது கையால். அன்று படப்பிடிப்பில் இருந்த மற்றவர்கள் ஒருவரும் உயிரோடு இல்லை. ரெக்ஸுக்கு உறவென்று யாரும் வரவில்லை. நவம்பரில் ரசிகர்களே சேர்ந்து தபெர்னாஸ் இடுகாட்டில் அவனை முறையாக அடக்கம் செய்தார்கள். பாதிரியார் ஜெபித்தார். வெள்ளைக் கல்லில் ரெக்ஸ் ஹாலம் என்ற பெயரும், அதன் கீழே இறப்பு 1967 என்றும் வெட்டி வைத்தார்கள்.

ஒரு வாரத்தில் காசில்டா போன் செய்தாள். பெயர் அப்படியே இருக்கிறது, செத்த வருடத்தை மட்டும், அவன் இன்னும் சாகவே இல்லை என்பதுபோல, எவனோ சுரண்டி எடுத்திருக்கிறான் என்றாள்.

இந்தலேசியோ முதலில் மெல்ச்சோரைச் சந்தேகப்பட்டான். அவர் கிரனாதாவில் மகள் வீட்டில் படுத்த படுக்கை. கல்தச்சனைக் கேட்டான். "என் வேலைய நானே ஏம்ப்பா கெடுக்கிறேன்?" என்று அவன் கோபப்பட்டு, முன்னைவிட ஆழமாக வெட்டிக்கொடுத்தான். மூன்றே நாளில் மறுபடி போயிற்று. மூன்றாம் தடவை வெட்டிய அன்று, கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று இந்தலேசியோ ரொட்டியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு கல்லுக்கு எதிரிலேயே உட்கார்ந்தான். இடுகாட்டின் ஒரே வாசல் அவன் கண் முன்னே இருந்தது. காலையிலிருந்து ஒருவரும் வரவில்லை.

உச்சிவேளையில் தண்ணீர் குடிக்க ஒருதரம் தலையை அண்ணாந்தான்.

தலையை இறக்கியபோது வருடம் இல்லை. அந்த இடத்தில் கல் விரல்களால் பிறாண்டியதுபோலக் கீறல் கீறலாக வெளுத்திருந்தது. ஒரு காற்றும் இல்லாத அந்த வெயிலில், கீறல்களிலிருந்து வெள்ளைத் தூள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.