ஷாம்பேனுக்கு ஒரு கேரியர்

பிணத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது.

அமாவாசை. ஆரணியில் தறி ஓடாத நாள். ஆளில்லாத கொட்டகையில், கால்கள் தறிக்குழிக்குள் தொங்க, பாதி நெய்த புடவையின் மேல் கவிழ்ந்து கிடந்தார் முருகேசன். கழுத்தில் நாலைந்து சுற்றுப் பட்டு நூல்.

சிவப்பு நூல்.

இன்ஸ்பெக்டர் பலராமன் கைக்குட்டையால் போனை எடுத்தார். திரையைப் பார்த்தார். பிறகு, வாசலில் நின்ற பிரமிளாவைப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரரும்மா. பேசுங்க."

பிரமிளா போனை வாங்கினாள். பட்டுக் கடையில் அவள் கணவன் ஹேமசந்திரனும் முருகேசனும் கூட்டு. ஹேமசந்திரன் போன வாரம் பிரான்ஸுக்குக் கிளம்பிப் போயிருந்தான்.

"முருகேசா, இன்னாப்பா போனே எடுக்க மாட்டேன்ற? நான் இங்க பாதாளத்துல நிக்கறேன். சுண்ணாம்புப் பாறைய கொடஞ்சி..."

"என்னங்க... நான்தான்."

"பிரமிளாவா? அவன் போன்ல நீ எப்டி?"

சொன்னாள்.

மறுமுனையில் அழுகை. குகைக்குள்ளிருந்து வருவது போல எதிரொலித்தது.

"என் கூடப் பொறந்தவன் மாதிரி பிரமிளா... டிக்கெட் மாத்திப் பாக்கறேன். சுபலட்சுமிய பாத்துக்க. பாவம் அது."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். பலராமன் கேட்டார்.

"ஹேமசந்திர நயினாரு பிரான்ஸ்ல இன்னா பண்றாரு?"

"ஷாம்பேன்னு ஒரு சீமை சார். ஊர் ஊரா ஒயின் கம்பெனிங்க. விருந்து மண்டபத்துக்குப் பட்டுத் திரை கேட்டாங்க. போன வருசமும் இதே ஆனி மாசம் போயிட்டு வந்தாரு."

"சமணக் குடும்பம். ஒயின் குடோனுக்கா?"

"மோந்துகூட பாக்க மாட்டாரு சார்."

"அப்ப போனதே தண்டம்."

அப்போதுதான் குழிக்குள் டார்ச் அடித்த போலீஸ்காரர் குரல் கொடுத்தார்.

"சார், ஒரு சாவி."

பித்தளை யானை தொங்கும் சாவிக்கொத்து. பிரமிளாவுக்குத் தெரிந்த யானை. அவளே வாங்கிக் கொடுத்தது.

தம்பி புஷ்பதந்தனுக்கு.

*

கடையைப் பார்த்துக்கொள்பவன் புஷ்பதந்தன். கொலைக்கு முந்தின நாள்தான் முருகேசனோடு பஜாரில் வாய்ச்சண்டை. பிணம் கிடைத்த மறுநாள் போலீஸார் அவனை வந்தவாசி பஸ் ஸ்டாண்டில் பிடித்தார்கள். ஊருக்குப் போகிறேன் என்றான். ஓடப் பார்த்தான் என்று எழுதிக்கொண்டார்கள்.

சாவு வீட்டில் காரியம் முடியும் வரை அடுப்பு மூட்டக் கூடாது. பிரமிளா சமைத்து எடுத்துப் போனாள். கொலைகாரன் அக்கா என்று விரட்டுவார்கள் என நினைத்துத்தான் போனாள்.

முருகேசனின் மனைவி சுபலட்சுமி விரட்டவில்லை. கட்டிக்கொண்டு அழுதாள்.

"உன் தம்பி பண்ணதுக்கு நீ இன்னா பண்ணுவே அக்கா? நீயே சாப்பாடு குடு. வேற யார் வீட்டுதும் எறங்கல."

"எங்க சமையல்ல வெங்காயம் பூண்டு இருக்காதே சுபா. பத்தியச் சாப்பாடுன்னு கிண்டல் பண்ணுவியே?"

"இப்ப அதான் ஒத்துக்குது. கொஞ்சம் கூடவே வை அக்கா."

பிரமிளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படியும் ஒரு மனசா என்று நினைத்தாள்.

*

மூன்றாம் நாள் சாயங்காலம். போலீஸ் ஸ்டேஷன்.

கம்பிக்குப் பின்னால் புஷ்பதந்தன். உதடு கிழிந்திருந்தது.

"அக்கா, மாமா எப்ப வராரு? அவரு வந்து ஒரு வார்த்தை சொன்னா வுட்டுடுவாங்க. சாவி காணாமப் போயி ஒரு வாரம் ஆச்சி. மாமாகிட்ட அப்பவே சொல்லிட்டேன். அவருக்குத் தெரியும்."

"வந்துடுவாருடா."

"நாளைக்குக் கோர்ட்டு. அப்புறம் வேலூர் ஜெயிலு," என்றார் பலராமன், பேப்பரிலிருந்து தலை தூக்காமல். "ஒத்துக்கினா தண்டனை கொறையும். சொல்லி வைம்மா."

பிரமிளாவின் போன் அடித்தது. கணவன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"பிரமிளா, இப்ப வேற குடோன்ல இருக்கேன். பாட்டிலுங்கள தலைகீழா சாச்சி வெச்சிருக்கான். ஒரு ஆளு வந்து ஒவ்வொண்ணையும் கொஞ்சூண்டு திருப்பி வுட்டுட்டுப் போறான். அதான் அவனுக்கு வேலையே. சில்லுனு இருக்குது. போட்டோ வந்துதா?"

வந்திருந்தது. ஒயின் பீப்பாயின் பக்கத்தில் கம்பளிச் சட்டையோடு ஹேமசந்திரன். பலராமன் எட்டிப் பார்த்தார்.

"ஒரு பாட்டில் வாங்கியாரச் சொல்லும்மா."

பிரமிளா காதில் வாங்கவில்லை.

"என்னங்க, தம்பி சாவி தொலஞ்சதை உங்ககிட்ட சொன்னானாமே? சார் பக்கத்துலதான் இருக்காரு. சொல்லுங்க."

அவன் தொண்டையைச் செருமியது எதிரொலித்தது.

"எங்கிட்டயா? இல்லியே."

கம்பிக்குப் பின்னால் புஷ்பதந்தன் எழுந்து நின்றான்.

"மாமா..."

"அவன் கோவக்காரன் பிரமிளா. செஞ்சிருப்பான். வக்கீல் கிக்கீல்னு அலையாத. ஒத்துக்கச் சொல்லு."

கல்யாணமான நாளிலிருந்து இந்த நேரத்துக்குக் கேட்கும் கேள்வி அவள் வாயில் தானாக வந்தது.

"சாப்ட்டீங்களா?"

"எங்க? இன்னும் வரல. பொழுது வேற சாஞ்சிகினு இருக்குது. அதுக்குள்ள ஒரு வாய் போடணும். வெச்சிடறேன்."

வைத்துவிட்டான்.

பிரமிளா ஜன்னலைப் பார்த்தாள். வேப்பமரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்தால் அவர்கள் வீட்டில் யாரும் வாயில் பருக்கை வைக்க மாட்டார்கள். அதனால் தினமும் இந்த நேரத்தில் ஒரு பதற்றம் உண்டு.

ஆரணியில்.

"சார், பிரான்ஸ்ல இப்ப மணி இன்னா?"

பலராமன் தன் போனைத் தட்டினார். "மூணு. மத்தியானம்."

"அங்க இந்த மாசத்துல ஊரே தூங்கப் போற நேரத்துக்குத்தான் பொழுது சாயும். போன வருசம் வந்து சொன்னாரு. சாப்பாட்டுக்கு அவசரமே இல்ல, அதான் அந்த ஊர்ல புடிச்சதுன்னு."

பலராமன் பேப்பரை மடித்தார்.

"போட்டோ?"

"போன வருசம் எடுத்ததுல மிச்சமா இருக்கும்."

"அப்ப ஆளு எங்கம்மா?"

அவள் பதில் சொல்வதற்குள் மறுபடி போன். சுபலட்சுமி.

"அக்கா, இன்னிக்கு கேரியர் வரலியே? ஜல்தியா குடுத்தனுப்பு. பொழுது சாயப் போவுது."

பிரமிளா போனைக் கீழே வைத்தாள். மெதுவாக.

சுபலட்சுமி ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா வாங்கிச் சாப்பிடுகிறவள். அவளுக்கு எதற்குப் பொழுது?

வெங்காயம் இல்லாத சாம்பார். கொஞ்சம் கூடவே வை அக்கா. கணவனுக்குப் பிடிக்குமே என்று நினைத்து நினைத்து வைத்த பீர்க்கங்காய்க் கூட்டு.

மூன்று நாளாக அவனுக்குச் சோறு போட்டது பிரமிளாவேதான்.

"சார்," என்றாள். குரல் உடையவில்லை. "வீட்டுக்குப் போயி கேரியர் எடுத்துகினு வந்துடறேன். நீங்களும் வாங்க."

பலராமன் தொப்பியை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று திரும்பினார்.

"அந்தப் பையனுக்கு டீ வாங்கிக் குடுங்கய்யா. நல்ல டீயா."

*

முருகேசன் வீட்டில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். சுபலட்சுமி கேரியருக்குக் கை நீட்டினாள். பிரமிளா கொடுக்கவில்லை. மாடிப்படியில் கால் வைத்தாள்.

"அக்கா, மேல எதுக்கு? வெறும் ஒட்டடை..."

பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. சுபலட்சுமி சுவரோரம் ஒதுங்கினாள்.

புடவை அடுக்கும் அறை. பிரமிளா கதவை விரலால் தட்டினாள். உள்ளே தாழ் விலகியது.

"இவ்ளோ நேரமா சுபா? வயிறு..."

ஹேமசந்திரன் அப்படியே நின்றான்.

அவனுக்குப் பின்னால் ஒரே பாய். இரண்டு தலையணை. மூலையில் காலியான பெரிய பித்தளை அண்டா. பலராமன் அதற்குள் தலையை விட்டு, "ஹலோ" என்றார். குகை போல எதிரொலித்தது.

"பிரமிளா, நான் சொல்றத கொஞ்சம்..."

அவள் கேட்கவில்லை. கேரியரைப் பாயின் மேல் வைத்தாள். ஒவ்வொரு தட்டாகப் பிரித்தாள். சாம்பார். கூட்டு. சோறு இன்னும் ஆறவில்லை.

"சாப்டுங்க."

பழக்கம் விடவில்லை. அவன் கண் ஜன்னலுக்குப் போனது. வெளியே இருட்டு.

"பொழுது... சாஞ்சிடுச்சே."

"இங்கதாங்க சாஞ்சிடுச்சி," என்றாள் பிரமிளா. "பிரான்ஸ்ல இன்னும் வெயில் அடிச்சிகினுதான் இருக்கு. தாராளமா சாப்டுங்க."