மூச்சுச் சொந்தம்

மண்டபத்துக்குத் தெற்கே மிதந்துகொண்டிருந்த அந்த முகாமில் பிள்ளைகள் தங்கள் பல்லைத் தேய்த்தார்களோ இல்லையோ, பவளத்துக்குத் தேய்த்தாக வேண்டும். காலைக் கஞ்சி முடிந்ததும் ஆளுக்கொரு டூத்பிரஷ்ஷை இடுப்பில் செருகிக்கொண்டு, சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு கடலில் இறங்குவார்கள். அடியில் இரும்புச் சட்டங்களில் கட்டியிருக்கும் பவளக் கன்றுகள்மேல் பாசி ஏறிக்கொண்டே இருக்கும். தேய்க்காமல் விட்டால் கன்று செத்துப்போகும். பதினாறு வயதான எல்லாருக்கும் இந்த வேலை உண்டு. கடற்கோடை என்று அதற்குப் பெயர், சட்டப்படி கட்டாயம்.

கரூரிலிருந்து வந்த அகல்யா முதல் வாரம் முழுக்க அழுதாள். மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறியது, சாப்பாடு பிடிக்கவில்லை. இப்போதோ கோடை முடியப் போகிறதே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. எல்லாம் ஃபாஸிலாவால் வந்த மாற்றம். கீழக்கரைக்காரியான அவள்தான் அகல்யாவுக்குக் காதடைப்பை எடுக்கக் கற்றுக்கொடுத்தாள், அழுதபோது கூட உட்கார்ந்து அழுதாள். கடைசி நாளன்று மூச்சு மாற்றிக்கொள்வது நாம்தான் என்று இருவரும் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள்.

அது சின்ன விஷயமில்லை. வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று ஆகி மூன்று தலைமுறை கடந்த காலம். சித்தி, மாமா, அத்தை எல்லாம் பழைய கல்யாணப் பத்திரிகைகளில்தான் உண்டு. மரியாதைக்கு யாரையும் அக்கா என்று கூப்பிடலாம். பிறப்பில் அக்கா யாருக்கும் கிடையாது. அதனால்தான் இந்தச் சட்டம். கடற்கோடையில் ஒருவர் சிலிண்டரிலிருந்து இன்னொருவர் மூச்சு எடுத்தால் இருவரும் உடன்பிறப்பு. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடலாம். அப்பா அம்மா போன பிறகும் உரிமையோடு போய் நிற்க ஒரு வாசல் இருக்கும். கொடுப்பது வாழ்நாளில் ஒருமுறை, எடுப்பது ஒருமுறை. சிலிண்டரில் இருக்கும் மூச்சுப்பதிவான் பச்சை விளக்கை எரியவிட்டால் பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது.

முகாமில் ஒரே ஒருத்திக்குத்தான் ஜோடி இல்லை. தூத்துக்குடி புளோரா அம்மை போட்டுத் தாமதமாக வந்து சேர்ந்தவள். அதற்குள் எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள். ஓயாத வாய், ராத்திரியில் குறட்டை வேறு. அவள் தனியாகத்தான் வீடு திரும்பப் போகிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். பாவம் என்று நினைத்தார்கள், நினைத்ததோடு சரி.

கடைசி நாளுக்கு முந்தைய காலையில் ஃபாஸிலாவுக்குக் காதுவலி. பயிற்சியாளர் லூர்து அக்கா, "நீ புளோராவோட இறங்கு" என்று அகல்யாவிடம் சொல்லிவிட்டார்.

அடியில் இருவரும் ஆளுக்கொரு சட்டத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று புளோராவின் முதுகுப் பக்கத்திலிருந்து குமிழிகள் கொப்பளித்துக் கிளம்பின. காற்றுக் குழாய் கிழிந்துவிட்டது. அகல்யா நீந்திப் போவதற்குள் காற்றளவு காட்டும் முள் சுழியத்துக்கு வந்துவிட்டது.

கழுத்தை அறுப்பதுபோல் கையைக் காட்டினால் காற்று இல்லை என்று பொருள். காட்டிவிட்டால் பக்கத்தில் இருப்பவர் மறுக்கக் கூடாது. புளோரா காட்டவில்லை. அகல்யா தன் சிலிண்டரிலிருந்து, வாயில் வைத்து மூச்சிழுக்கும் மாற்று ரெகுலேட்டரை நீட்டியபோது தலையை ஆட்டி மறுத்து, வாயைப் பொத்திக்கொண்டு மேலே கை காட்டினாள். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் நுரையீரல் கிழிந்துவிடும் என்று முதல் நாளே படித்த பாடம். அகல்யாவுக்கு ஃபாஸிலாவின் முகம் நினைவுக்கு வந்தது. வராமல் என்ன? ஆனாலும் கை தன் வேலையைப் பார்த்தது. புளோராவின் தோளை இறுகப் பிடித்து, பொத்திய கையை விலக்கி, ரெகுலேட்டரை அவள் வாயில் திணித்தாள். புளோரா மூச்சு இழுத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

மேலே வந்ததும் புளோரா தேம்பினாள். "வேண்டாம்னு சொன்னேனேட்டி. ஒனக்கும் அவளுக்கும் நடுவுல நான் வந்து விழுந்துட்டேனே."

"சாகற நேரத்துல நல்லவ வேஷம் போடறியா? இன்னொரு தடவை இப்படிச் செஞ்சே, அறைஞ்சிருவேன்" என்றாள் அகல்யா. அவளுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நடந்ததைக் கேட்ட ஃபாஸிலா, "நல்ல காரியம்தான் செஞ்சே" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் சாப்பிடவும் எழுந்து வரவில்லை.

விடிந்ததும் அவளே போய் புளோராவை உலுக்கி எழுப்பினாள். "உன்கிட்ட யாராவது மூச்சு எடுத்தாங்களா?"

"எங்கிட்ட எடுக்க யாரு இருக்கா?"

"நான் எடுக்கறேன். அகல்யா கொடுத்துட்டா, ஆனா இன்னும் எடுக்கலை. அவ என்கிட்ட எடுக்கட்டும். ரெண்டு பேருக்கு மேல சொந்தமாகக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?" பிறகு பெருமூச்சு விட்டாள். "உன் குறட்டையையும் சேர்த்துத்தான் எடுத்துக்கணும், என்ன செய்ய?"

விஷயம் லூர்து அக்காவிடம் போனது. அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "சட்டம் எழுதினவங்க யாருக்கும் கூடப் பொறந்தவங்க இல்லை. ரெண்டு பேருக்கு மேல அவங்களுக்கு யோசனை ஓடியிருக்காது. காதுவலி போயிருந்தா இறங்குங்க."

காது சரியாகத்தான் இருந்தது. புளோராவின் கிழிந்த குழாயை மாற்றிக்கொண்டு இறங்கினார்கள். அகல்யா ஃபாஸிலாவிடமிருந்து எடுத்தாள், ஃபாஸிலா புளோராவிடமிருந்து எடுத்தாள். நேற்றையதோடு சேர்த்து மூன்று சிலிண்டர்களிலும் பச்சை எரிந்தாயிற்று. முகமூடிக்குள் அகல்யா சிரித்த சிரிப்பில் கொஞ்சம் கடலும் வாய்க்குள் போனது.

கரைக்குத் திரும்பும் படகில் நிழல் விழும் இடம் ஒன்றுதான் இருந்தது. புளோரா போய் அதில் உட்கார்ந்தாள்.

"எந்திரி, நான்தான் மூத்தவ" என்றாள் அகல்யா.

"நான் மார்ச்சு மாசம் பொறந்தவட்டி. எனக்குத்தான் எடம்."

"ரெண்டு பேரும் தள்ளுங்க, எனக்குத்தான் காதுவலி" என்று ஃபாஸிலா நடுவில் புகுந்தாள். அகல்யா கிள்ளினாள். புளோரா தொப்பியைப் பிடுங்கினாள். "இரு, உம்மாகிட்ட சொல்றேன்" என்று ஃபாஸிலா கத்த, "யாரோட உம்மாகிட்ட?" என்று மற்ற இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

படகில் ஜோடி ஜோடியாக, ஒருவருக்கொருவர் பார்த்துப் பார்த்து இடம் விட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டு அந்தச் சண்டையைப் பார்த்தார்கள். அப்படி ஒன்றை அவர்கள் யாரும் பார்த்ததே இல்லை. அதட்டுவதற்காக எழுந்த லூர்து அக்கா அதட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் போய், படகோட்டியிடம், கொஞ்சம் மெதுவாகவே போகச் சொன்னார்.